அஸ்டெகா உயரத்துல ஒரு லீவு

வியாழன் - மேட்டுப்பாளையம், குன்னூர்

டிசம்பர் லீவு விட்டாச்சு, மலை ரயில்ல டிக்கெட்டும் கிடைச்சாச்சு, அதனால திருப்பூர்ல இருந்து நடுராத்திரியே கிளம்பி வந்து மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல டீ குடிச்சுட்டு ஏழு பத்து வண்டிக்காக உக்காந்திருந்தோம். நான், வீட்டுக்காரம்மா, அக்கா, அக்கா பையன். மாப்ள எட்டாவது படிக்கிறான், ஸ்கூல் டீம்ல ஃபார்வேர்டு, போன்ல இ-ஃபுட்பால், வீட்டு டிவில ஈஏ எஃப்சி, அக்கா தூங்குனதுக்கு அப்புறம் ராத்திரி ஒன்றரை மணிக்கு சாம்பியன்ஸ் லீக். எனக்கு இதை விட நல்ல கூட்டாளி வேணுமா! பூங்கா, ஏரி, சாக்லேட்டு பத்தியெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு, நான் இந்த லீவுல மனசுல ஓடுற ஃபுட்பால், சினிமா, வீடியோ கேம் பத்தித்தான் தினமும் ராத்திரி உக்காந்து எழுதப் போறேன், நடுநடுவுல மலையும் வரும்.

ரயிலைப் பத்தி மட்டும் சொல்லியே ஆகணும். கல்லார் வரைக்கும் சாதாரண ரயில் மாதிரிதான் போகுது, அதுக்கப்புறம் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பல்லு வெச்ச இரும்புப் பட்டை ஆரம்பிக்குது, எஞ்சினுக்கு அடியில இருக்குற பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி ஏறுது, சில இடத்துல பன்னண்டு அடி போனா ஒரு அடி ஏத்தம். 1899-ல குன்னூர் வரைக்கும் போட்டாங்க, 1908-ல ஊட்டி வரைக்கும் நீட்டுனாங்க, 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு, மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. மாப்ள ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டு "எஞ்சினையே காணோமே மாமா"ன்னான். எஞ்சின் பின்னாடி இருக்கு, ஏறும்போது அது இழுக்காது, கீழ இருந்து தள்ளும். அதனால டிரைவருக்கு முன்னாடி பாதை சரியாத் தெரியாது, ஒவ்வொரு பெட்டியோட மேடையிலயும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோட நிக்கிறார், முன்னாடி நிக்கிறவர் கொடி காட்டுனா அது பெட்டி பெட்டியாப் பின்னாடி போய்ச் சேருது. ஹில்குரோவ்ல எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்க நிறுத்துனப்போ எங்க பெட்டி பிரேக்ஸ்மேனோட கையைப் பார்த்தேன், பிரேக் சக்கரத்தைச் சுத்திச் சுத்தி உள்ளங்கை விளிம்பு பூரா காய்ச்சுப் போயி கருப்பா இருந்துச்சு. இறங்குன கூட்டம் மொத்தமும் எஞ்சின்கிட்டப் போய் நின்னு போட்டோ எடுத்துச்சு, அவரு மேடையில நின்னு குரங்கை விரட்டிக்கிட்டு இருந்தார்.

எனக்கு உடனே ஃபுட்பால் ஞாபகம் வந்துருச்சு, எனக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் வரும். ஹாலந்து ஆட்டக்காரர் யோஹன் க்ரைஃப் சொன்னதா ஒண்ணு உண்டு, ஒரு மேட்ச்ல ஒரு ஆட்டக்காரன் கால்ல பந்து சராசரியா மூணு நிமிஷம்தான் இருக்கும், மிச்ச 87 நிமிஷம் அவன் என்ன பண்றான்ங்கறதுதான் அவன் நல்ல ஆட்டக்காரனா இல்லையான்னு சொல்லும்னு. இதை நான் பல வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சலிச்சுட்டேன், ஆனா மாப்ள மாதிரி பசங்க பந்தை மட்டும்தான் பார்க்குறாங்க, ஏன்னா டிவி பந்தை மட்டும்தான் காட்டுது, சினிமா ஹீரோ காலை மட்டும்தான் காட்டுது, கேம்ல பந்து யார்கிட்ட இருக்கோ அவன் தலைக்கு மேலதான் அம்புக்குறி. இந்த லீவு முடியறதுக்குள்ள அவன் கண்ணைப் பந்துல இருந்து கொஞ்சம் திருப்பணும்ங்கறது என் ஆசை.

குன்னூர்ல இறங்கி, சிம்ஸ் பார்க் ஒரு சுத்து சுத்தி, வர்க்கியும் டீயும் சாப்பிட்டுட்டு ரூமுக்கு வந்தாச்சு. குளிர்னா குளிர், அக்கா ரெண்டு போர்வைக்குள்ள. மாப்ள போன்ல இ-ஃபுட்பால் ஆடிட்டு இருந்தான், அதுக்கு முந்தின பேரு பெஸ், அதுக்கும் முந்தி வின்னிங் லெவன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறான். எங்க தெருமுனை கேம் சென்டர்ல பிஎஸ் டூ, மணிக்கு இருபது ரூபா, அதுல பெஸ் ஆறுதான் ராஜா. லைசென்ஸ் இல்லாத டீமுக்கெல்லாம் சொந்தமாப் பேரு வச்சிருப்பான், லிவர்பூலுக்கு மெர்சிசைட் ரெட், செல்சிக்கு லண்டன் எஃப்சி. இன்டர் மிலான் அட்ரியானோவுக்கு ஷாட் பவர் 99, பாதி கிரவுண்டுல இருந்து இடது கால்ல விட்டாலும் கோலி, அதான் கோல்கீப்பர், கையைத் தள்ளிட்டு உள்ள போகும், அதனால அவனை எடுக்கக் கூடாதுன்னு சென்டர்ல எழுதாத சட்டம். மாஸ்டர் லீக் ஆரம்பிச்சா காஸ்டோலோ, மினாண்டான்னு இல்லாத ஆளுங்களா ஒரு டீம் குடுப்பான், அவனுங்களை வச்சுக்கிட்டு கஷ்டப்பட்டு மேல வரணும், எனக்கு அந்த காஸ்டோலோ இப்பவும் சொந்தக்காரன்தான்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அந்த கேம்ல எல் ஒன்னை அமுக்கிக்கிட்டு பாஸ் குடுத்தா, குடுத்தவன் நிக்க மாட்டான், பந்தை விட்டுட்டு முன்னாடி ஓடுவான். அந்த ஒரு பட்டன்தான் எனக்கு ஃபுட்பால் சொல்லிக் குடுத்துச்சுன்னு நான் சத்தியம் பண்ணுவேன். அப்புறம் ஃபிஃபா 08-ல பீ எ ப்ரோ வந்துச்சு, பதினொரு பேரையும் ஓட்டாம ஒரே ஒருத்தனா ஆடலாம், பெஸ் 2009-ல அதே மாதிரி பிகம் எ லெஜண்ட். நான் எப்பவும் ரைட் பேக்தான் எடுப்பேன், அதாவது வலது ஓரத்துல பின்னாடி நின்னு தடுக்குறவன். பந்து எப்பவாவதுதான் வரும், மத்த நேரமெல்லாம் எங்க நிக்கணும், எப்ப மேல போகணும், நம்ம விங்கர், அதாவது ஓரமா முன்னாடி ஆடுறவன், உள்ள வெட்டுனா வெளிய ஓடணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கணும், இடம் தப்பி நின்னா மார்க் குறையும். 2003-ல வந்த சாம்பியன்ஷிப் மேனேஜர் நாலு இன்னும் ஒரு படி மேல, அதுல ஆளே கிடையாது, பச்சைத் தரையில வெறும் புள்ளிங்க நகரும், ஆனா 22 புள்ளியும் ஒரே நேரத்துல தெரியும். இப்ப வர்ற கேம்ல வியர்வை தெரியுது, ஜெர்சி துணியோட பின்னல் கூடத் தெரியுது, திருப்பூர்க்காரனுக்கு அது சந்தோஷம்தான், ஆனா முழு ஆட்டமும் எனக்குத் தெரிஞ்சது அந்தப் புள்ளிங்கள்லதான். மாப்ளகிட்ட ரைட் பேக்கா ஆடிப் பாருடான்னேன். "போரடிக்கும் மாமா"ன்னுட்டான்.

வெள்ளி - ஊட்டி

குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு மறுபடி ரயில். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்தி வந்ததும் வீட்டுக்காரம்மா அமைதியாயிட்டாங்க, ஏன்னா மூன்றாம் பிறை கிளைமாக்ஸ் எடுத்த ஸ்டேஷன் அது. 1982-ல வந்த படம், பாலு மகேந்திராவே கேமராவும் பண்ணது, கமல் குட்டிக்கரணம் போட்டு, குரங்கு மாதிரி ஆடிக் காட்டி, அடிபட்டு, ஸ்ரீதேவி அவரை யாருன்னே தெரியாம பார்த்துட்டுப் போயிருவாங்க. இத்தனை வருஷம் கழிச்சும் அந்தக் காட்சி ஏன் அறுக்குதுன்னா ரயில் கிளம்புனதுக்கு அப்புறமும் கேமரா அந்த கவனிக்கப்படாத ஆளை விடவே இல்ல. பிளாட்பார பெஞ்ச் இப்பவும் இருக்கு, ஒரு அம்மா அதுல கேரட் மூட்டையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

ஊட்டியில ரூம் பக்கத்துல ஒரு காலி இடம் கிடைச்சது, நாலு உள்ளூர்ப் பசங்க பந்து ஆடிட்டு இருந்தாங்க, மாப்ளயும் போய்ச் சேர்ந்துட்டான். மூணு நிமிஷம் ஓடுனான், இடுப்புல கை வச்சுக்கிட்டு நின்னுட்டான். அவன் உதைச்ச பந்தும் அவன் நினைச்ச இடத்துல விழல, ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு அடி தள்ளிப் போகுது. "என்ன மாமா இது"ன்னு திரும்பிப் பார்த்தான். இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்னு வச்சுக்கோங்க.

ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ சிட்டியும் அதே 2,240 மீட்டர் வாக்குலதான் இருக்கு. அந்த ஊர் அஸ்டெகா ஸ்டேடியத்துலதான் 1970 ஃபைனல், 1986 ஃபைனல், 2026 உலகக் கோப்பையோட முதல் மேட்ச்சுக்கும் அதே கிரவுண்டுதான். அதாவது பெலே கோப்பையைத் தூக்குனதும், மாரடோனா தூக்குனதும் நம்ம ஊட்டி உயரத்துல. இந்த உயரத்துல காத்தோட அடர்த்தி கடலோரத்தை விட ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால பந்தைத் தடுக்குற காத்து கம்மி, பந்து வேகமாவும் தூரமாவும் போகும், வளைச்சு அடிச்சா வளையறது கம்மியாத்தான் இருக்கும், ஏன்னா பந்தை வளைக்கறதே காத்துதான். மூச்சுக்கும் அதே கதி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ல நீளம் தாண்டுதல்ல பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டுனாரே, அதுக்கு முந்தின உலக சாதனை 8.35, ஒரே தாவல்ல 55 சென்டிமீட்டர் கூட, அதுலயும் இந்த மெல்லிசுக் காத்துக்குக் கொஞ்சம் பங்கு இருக்கு. பிரேசில் டீம் 1970-க்கு முன்கூட்டியே மெக்சிகோ போயி குவானாஹுவாத்தோல, அதுவும் மலை ஊரு, தங்கிப் பயிற்சி எடுத்துச்சு, உடம்புல சிவப்பணு கூடறதுக்கு வாரக்கணக்குல ஆகும், மாப்ளக்கு மூணே நிமிஷம்தான் கிடைச்சுது.

ராத்திரி ரூம்ல ஹீட்டர் பக்கத்துல உக்காந்து அவனுக்கு 1970 ஃபைனல்ல கார்லோஸ் ஆல்பர்ட்டோ போட்ட கோலைக் காட்டுனேன். ஜூன் 21, பிரேசில் இத்தாலி, 86-வது நிமிஷம், ஏற்கெனவே மூணுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், எனக்கு இதை எழுதறதுல அவ்ளோ ஆசை. முன்னாடி நிக்க வேண்டிய தோஸ்தாவோ தன் பக்கத்துக்கே இறங்கி வந்து பந்தை மீட்குறார், அங்க இருந்து நகர்ந்து வந்து க்ளோடோவால்டோ தன்னோட பாதியிலயே நாலு இத்தாலிக்காரங்களை ஏமாத்துறார், இடது ஓரத்துல ரிவெலினோ, அவர்கிட்ட இருந்து நீளமா ஜெயர்சின்ஹோவுக்கு. இங்கதான் நிறுத்தி மாப்ளகிட்ட கேட்டேன், ஜெயர்சின்ஹோ யாரு, ரைட் விங்கர், அவர் இடது பக்கம் என்ன பண்றார்? அவரை ஆளோட ஆளா ஒட்டிக்கிட்டே இருக்கறது ஃபக்கெட்டி, இத்தாலியோட லெஃப்ட் பேக், ஜெயர்சின்ஹோ எங்க போனாலும் கூடவே போறார், இப்ப ரெண்டு பேருமே அந்தப் பக்கம் வந்தாச்சு, அப்ப பிரேசிலோட வலது ஓரத்துல யாரு இருக்கா? யாருமே இல்ல. ஜெயர்சின்ஹோ உள்ள வந்து பெலேவுக்குக் குடுக்குறார், பெலே நின்னு, திரும்பிக்கூடப் பார்க்காம, வலது பக்கம் காலியா இருக்குற புல்லு மேல பந்தை மெதுவா உருட்டி விடுறார். டிவில பார்க்குறவனுக்கு அந்த நொடியில அது தப்பான பாஸ். அப்பத்தான் திரைக்கு வெளிய இருந்து கார்லோஸ் ஆல்பர்ட்டோ வர்றார், அவர் ரைட் பேக், பின்னாடி இருந்து அவ்ளோ தூரம் ஓடி வந்திருக்கார், அந்த ஓட்டத்துல ஒரு அடி கூட கேமராவுல இல்ல, பந்து கடைசில லேசா எகிறுது, ஒரே அடி, கீழ் மூலை.

மாப்ள ரெண்டு தடவை திருப்பிப் போட்டான். "இவரு எங்க இருந்து வந்தாரு"ன்னு கேட்டான். அதான், அதைத்தான் டிவியால காட்ட முடியல.

சனி - ஊட்டி

காலைல தலைகுந்தா பக்கம் உறைபனி பார்க்கப் போனோம், புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி வெள்ளை, வெயில் ஏறுனதும் காணாமப் போச்சு. அக்காவுக்கு அது போதும், இந்த லீவே அதுக்குத்தான்னாங்க.

திரும்பி வர்றப்போ ஊட்டி கிளப் வழியா வந்தோம், மெம்பர்களுக்கு மட்டும்தான், வெளிய இருந்து பார்த்ததோட சரி. ஆனா விளையாட்டு பிடிச்சவங்க ஒரு நிமிஷம் நின்னு பார்க்க வேண்டிய இடம். ஸ்னூக்கரை 1875-ல ஜபல்பூர் ராணுவ மெஸ்ல நெவில் சேம்பர்லின்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஆரம்பிச்சு வச்சார் (பின்னாடி பிரதமரா இருந்தவர் வேற ஆளு), அப்புறம் அவர் ஊட்டிக்கு வந்தப்போ 1882 வாக்குல இந்த கிளப் பில்லியர்ட்ஸ் ரூம்லதான் விதியெல்லாம் எழுதி ஒட்டுனாங்க. உலகம் பூரா டிவில பார்க்குற ஒரு ஆட்டத்துக்கு சட்டம் எழுதுன ஊரு நம்ம ஊட்டி, இதை ஏன் பஸ் ஸ்டாண்டுல பெரிசா எழுதி வைக்கலைன்னு எனக்குப் புரியல.

ஸ்னூக்கர் டிவிக்குன்னே செஞ்ச ஆட்டம். தன் முறை இல்லைன்னா இன்னொருத்தன் நாற்காலியில உக்காந்துதான் ஆகணும், டேபிளுக்கு வெளிய ஒண்ணுமே நடக்காது, மேல ஒரு கேமரா வச்சா மொத்த ஆட்டமும் அதுக்குள்ள அடங்கிரும். மதியம் பனி மூடி வெளிய போக முடியாம ரூம்லயே இருந்தப்போ இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன், நம்மகிட்ட பாக்ஸிங் படம் நல்லா வருது, சார்பட்டா பரம்பரை, இறுதிச்சுற்று, கபடின்னா வெண்ணிலா கபடிக்குழு, ஆனா மனசு நிறையற மாதிரி ஃபுட்பால் படம் ஏன் வரல? பதில் ரொம்ப சிம்பிள். பாக்ஸிங் ரிங்குல ரெண்டே பேரு, ஃபிரேமுக்குள்ள நிக்கும். கபடி கோர்ட்டு 13 மீட்டருக்கு 10 மீட்டர், அதுவும் நிக்கும். ஃபுட்பால் கிரவுண்டு 105 மீட்டருக்கு 68, 22 பேரு, எதைக் காட்டுனாலும் இருபது பேரை விட்டுத்தான் ஆகணும்.

பிகில் 2019-ல வந்தப்போ முதல் நாளே போய் விசிலடிச்சவன் நான், பொண்ணுங்க ஃபுட்பால் ஆடுறதை அவ்ளோ பெரிய படத்துல காட்டுனதுக்கு இப்பவும் நன்றி சொல்வேன். ஆனா அதுல வர்ற மேட்ச்ல ஒரு கோல் எப்படி விழுந்துச்சுன்னு கண்ணை மூடி வரைஞ்சு காட்டச் சொன்னா முடியாது, ஷாட்டு ஷாட்டா வெட்டி, பந்து, கால், முகம், வலை, முடிஞ்சுது, பாஸ் எங்க இருந்து வந்துச்சு, யாரு யாரை இழுத்துட்டுப் போனாங்க ஒண்ணும் தெரியாது. நிஜத்துல அதே 2019-ல மதுரை சேது எஃப்சி பொண்ணுங்க இந்திய மகளிர் லீக் ஃபைனல்ல மணிப்பூர் போலீஸ் டீமை மூணுக்கு ஒண்ணுன்னு அடிச்சு கோப்பையை மதுரைக்குக் கொண்டு வந்தாங்க, அதைப் பத்தி நம்ம ஊர்ல எத்தனை பேர் பேசுனோம்?

எஸ்கேப் டு விக்டரின்னு 1981-ல ஒரு படம், பெலேவும் பாபி மூரும் நடிச்சது, அதுலயும் பெலேவோட அந்தத் தலைகீழ் உதை மட்டும்தான் ஞாபகம் நிக்குது, அதுவும் நிஜ பெலேங்கறதால. மலையாளத்துல சுடானி ஃப்ரம் நைஜீரியா நல்ல படம், ஏன்னா அவங்க மேட்ச்சைக் காட்ட ரொம்ப ஆசைப்படல, ஏழு பேர் ஆடுற செவன்ஸ் டீமோட மேனேஜரையும் அவரோட அம்மாவையும் காட்டுனாங்க, கேலரியோட சத்தமே மேட்ச்சைச் சொல்லிருச்சு. எனக்கு இது எல்லாத்துக்கும் மேல பிரான்ஸ் ஆட்டக்காரர் ஜிடானைப் பத்தி 2006-ல வந்த டாக்குமென்டரிதான். 2005 ஏப்ரல்ல ரியல் மாட்ரிட் வில்லாரியல் மேட்ச், 17 கேமரா, எல்லாமே ஜிடான் மேல மட்டும், பந்து எங்க போனாலும் திரும்பாது. அவர் நடக்குறார், ஷூ முனையால புல்லைத் தேய்க்குறார், துப்புறார், திடீர்னு பத்தடி ஓடி நிக்குறார், ஒரு தடவை சிரிக்குறார், கடைசில ரெட் கார்டு வாங்கி வெளிய போறார். மாப்ளக்கு இருபது நிமிஷத்துக்கு மேல பார்க்க முடியல, ஆனா நடுவுல ஒரு இடத்துல "மாமா, இவரு பந்து வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு தோள் பக்கமும் திரும்பிப் பார்த்துட்டாரு"ன்னு அவனாவே சொன்னான். வீட்டுக்காரம்மா உடனே என் முகத்தைப் பார்த்துட்டு, "அவ்ளோ சந்தோஷமா"ன்னு கேட்டாங்க. ஆமா, அவ்ளோ சந்தோஷம்.

ஞாயிறு - தொட்டபெட்டா, கோத்தகிரி

கார் பிடிச்சு கோத்தகிரி போற வழியில தொட்டபெட்டா. 2,637 மீட்டர். பொலிவியாவுல லா பாஸ் ஸ்டேடியம் 3,637 மீட்டர்னு சொல்வாங்க, அதாவது இந்த உச்சியில நின்னுக்கிட்டு இன்னும் ஒரு கிலோமீட்டர் மேல கிரவுண்டு இருக்குன்னு நினைச்சுப் பாருங்க. 2007-ல ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல சர்வதேச மேட்ச் கூடாதுன்னு சொல்லுச்சு, அந்தக் கணக்குல தொட்டபெட்டாலயும் ஆட முடியாது, ஊட்டில ஆடலாம். எதிர்ப்பு வந்ததும் 2008-ல அதை வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த எதிர்ப்புக்கு மாரடோனாவே லா பாஸ் போயி ஒரு காட்சி மேட்ச் ஆடிட்டு வந்தார், அடுத்த வருஷம், 2009 ஏப்ரல் 1, அவர் கோச்சா இருந்த அர்ஜென்டினா அதே கிரவுண்டுல பொலிவியாகிட்ட ஆறுக்கு ஒண்ணுன்னு தோத்துச்சு, மெஸ்ஸி ஆடுன மேட்ச் அது. தோத்ததுக்கு அப்புறமும் அவர் உயரத்தைக் காரணம் காட்டல, எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சதுக்கு இதுவும் ஒண்ணு. கேம்ல மூச்சு வாங்குறதை ஒரு கோடு குறையறதாக் காட்டுவான், கோடு தீர்ந்தா ஆள் மெதுவா ஓடுவான், அவ்ளோதான். இங்க பார்க்கிங்ல இருந்து வியூ பாயிண்டுக்கு மாப்ளயும் நானும் ஓடிப் பார்த்தோம், அந்தக் கோடு எங்கிருந்து வருதுன்னு உடம்புக்கே தெரிஞ்சுருச்சு.

கோத்தகிரி காந்தி மைதானத்துல சாயங்காலம் உள்ளூர் மேட்ச் இருக்குன்னு டீக்கடையில சொன்னாங்க, வேற எதுவும் யோசிக்கல, போயிட்டோம். அக்காவும் வீட்டுக்காரம்மாவும் நேரு பார்க் பக்கம் போயிட்டாங்க. பாதி புல்லு, பாதி மண்ணு, ஒரு பக்கம் பனி ஏறி வந்துக்கிட்டு இருக்கு, ஓரமா கம்பிளி போத்திக்கிட்டு பெரியவங்க, படுகர் ஊர்கள்ல இருந்து வந்த சின்னப் பசங்க, பைக் மேல உக்காந்து நாலஞ்சு பேரு. நாங்க கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னோம், அங்க நின்னாத்தான் முழு நீளமும் தெரியும், பக்கவாட்டுல நின்னா தூரம் தெரியாது.

நீலச் சட்டை டீமோட ரைட் பேக், காலேஜ் படிக்கிற வயசு இருக்கும், ஒல்லி, சாக்ஸ் ஒண்ணு இறங்கிக் கிடக்கு. அவனைத்தான் மாப்ளகிட்ட காட்டி, பந்தை விட்டுட்டு கால் மணி நேரம் இவனை மட்டும் பாருன்னேன். அவங்க விங்கர் ஒவ்வொரு தடவை பந்தை எடுத்து உள்ள வெட்டும்போதும் இவன் வெளிப்பக்கமா ஓடுறான், கோடு வரைக்கும் ஓடுறான், "வெளிய, வெளிய"ன்னு கத்துறான், விங்கர் குடுக்கல. மறுபடி திரும்பி முழு தூரமும் ஓடி வந்து தன் இடத்துல நிக்கணும், முழங்கால்ல கை வச்சுக் குனியறான், வாயில இருந்து புகை மாதிரி மூச்சு வருது, மறுபடி தலையைத் தூக்கி ரெண்டு பக்கமும் பார்க்குறான். அடுத்த தடவையும் ஓடுனான். அடுத்த தடவையும் குடுக்கல. மாப்ள கடுப்பாகி "அவனுக்கு பாஸ் குடுங்கடா"ன்னு கத்தவே ஆரம்பிச்சுட்டான்.

ரெண்டாவது பாதியில மறுபடி அதே ஓட்டம், இந்தத் தடவை சிவப்புச் சட்டை லெஃப்ட் ஹாஃப் அவன் பின்னாடி போயிட்டான், நடுவுல ஒரு பெரிய இடம் திறந்துச்சு, விங்கர் அந்த இடத்துல உள்ள போயி இடது கால்ல விட்டான், கோலி பறந்தும் எட்டல, பந்து கம்பத்துல பட்டு வெளிய வந்துருச்சு. கூட்டமே "அய்யோ"ன்னுச்சு, எல்லாரும் விங்கர் பேரைச் சொல்லிக் கை தட்டுனாங்க. எங்க பக்கத்துல நின்ன குல்லா போட்ட ஒரு பெரியவர் மட்டும் வலது ஓரத்தைப் பார்த்துக் கை தட்டுனார். நான் "ஐயா நீங்க ஆடுவீங்களா"ன்னு கேட்டேன். "நான் ஸ்டாப்பர் தம்பி, நடுவுல நின்னு தடுக்குற ஆளு, இதே கிரவுண்டுல. அந்தப் பையன் மாதிரி ஒருத்தன் ஓடி வந்தான்னா நமக்கு அவன்கூடப் போறதா, பந்துக்குப் போறதான்னே தெரியாது. ஒரு செகண்டு நிப்போம். அந்த ஒரு செகண்டுல கதை முடிஞ்சிரும்"னார். மாப்ள அவரைப் பார்த்து "ஜெயர்சின்ஹோ மாதிரியா தாத்தா"ன்னான். அவருக்கு அந்தப் பேரு தெரியும். தெரிஞ்சது மட்டும் இல்ல, ஃபக்கெட்டின்னு அவரே சொன்னார், அந்த இடத்துல எனக்குப் புல்லரிச்சுருச்சு.

மேட்ச்சை நீலம் தோத்துருச்சு, கடைசில ஒரு கார்னர், தலையால ஒண்ணு, அவ்ளோதான். அந்த ரைட் பேக்குக்குப் பந்து எத்தனை தடவை வந்துச்சுன்னு கேட்டா ரொம்பக் கம்மி. மேட்ச் முடிஞ்சதும் அவன் ஓரமா உக்காந்து ஷூவைக் கழட்டி உள்ள இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டு இருந்தான், மாப்ள போய் அவன்கிட்ட ஏதோ கேட்டுட்டு வந்தான், என்னன்னு என்கிட்ட சொல்லல.

திங்கள் - இறக்கம்

கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் பஸ். வளைவுல அக்காவுக்குத் தலை சுத்துதுன்னு ஜன்னல் சீட்டு குடுத்தாச்சு, டீத்தோட்டம் முடிஞ்சு பாக்கு மரம் வரும்போது ஸ்வெட்டரைக் கழட்டியாச்சு.

வழி பூரா மாப்ளக்கும் எனக்கும் ஒரே சண்டை. என்னைப் பொறுத்தவரை 1970 கார்லோஸ் ஆல்பர்ட்டோ கோல்தான் ஃபுட்பால்லயே பெரிய கோல், டீமாச் சேர்ந்து போட்டது. அவனுக்கு 1986 ஜூன் 22 மாரடோனா, இங்கிலாந்துக்கு எதிரா, கையால ஒண்ணு போட்டு நாலு நிமிஷத்துல போட்ட ரெண்டாவது கோல், பியர்ட்ஸ்லி, ரீட், புட்சர், ஃபென்விக், மறுபடி புட்சர், கோலி ஷில்டன், எல்லாரையும் தனியாத் தாண்டுனது. தனி ஆளுடா, அதுல உனக்கு நான் காட்டுனது எங்க இருக்குன்னு கேட்டேன்.

அதுக்கு அவன் ராத்திரியே தேடிப் படிச்சு வச்சிருக்கான். மாரடோனா ஓடும்போது கூடவே இடது பக்கம் அவர் டீம்காரர் வால்டானோ ஓடி வந்தார்ல, மேட்ச் முடிஞ்சு குளிக்கும்போது மாரடோனா அவர்கிட்ட உன்னைப் பார்த்துக்கிட்டேதான் ஓடுனேன், குடுக்க வழி கிடைக்கலைன்னு சொன்னதா வால்டானோவே சொல்லிருக்கார், அப்ப ஓட ஓட ஓரமா நின்ன ஆளையும் பார்த்துக்கிட்டு ஓடிருக்கார் இல்ல மாமான்னான். ஃபென்விக் ஏற்கெனவே மஞ்சள் கார்டு வாங்கிருந்தார், அதனால மேல விழப் பயந்தார்னு நான் சொன்னேன். "கார்டும் இருந்துச்சு, வால்டானோவும் இருந்தாரு, அவரு அங்க ஓடாம இருந்திருந்தா எல்லாரும் மாரடோனாவையே அமுக்கிருப்பாங்க"ன்னு அவன். நான் வீடியோவைப் போடுறான்னேன், போட்டான், வால்டானோ பாதி ஓட்டத்துல திரைக்கு வெளியதான் இருக்கார், யாரு சொல்றது சரின்னு அதை வச்சு முடிவு பண்ண முடியல, மேல இருந்து முழு கிரவுண்டும் தெரியற மாதிரி யாராவது அன்னைக்கு எடுத்திருக்க மாட்டாங்களான்னு ரெண்டு பேரும் மேட்டுப்பாளையம் வர்ற வரைக்கும் போன்ல தேடிக்கிட்டே வந்தோம். பொங்கல் முடிஞ்சு அவனுக்கு ஸ்கூல் மேட்ச் இருக்கு, நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி நிக்கிறேன்னு சொல்லிட்டேன், எந்த போஸ்ட்டுக்குப் பின்னாடின்னு மட்டும் இன்னும் பேசி முடிக்கல, அவன் எதிர் டீம் போஸ்ட்டுன்னு சொல்றான், நான் எங்க போஸ்ட்டுன்னு சொல்றேன், எங்க போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்னாத்தான் அவன் பந்து இல்லாதப்போ எங்க ஓடுறான்னு எனக்கு முழுசாத் தெரியும்.